கூவிய பெட்டை

"பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா?"

இந்தக் கேள்வியைக் கேளாத பெண் நம் நாட்டில் இருப்பாளா? மேலே படிக்க வேண்டும் என்றவள் கேட்டிருக்கிறாள். பணிக்குப் போக வேண்டும் என்றவள் கேட்டிருக்கிறாள். சொத்தில் எனக்கும் பங்கு உண்டே என்று மெல்ல நினைவூட்டியவளும் கேட்டிருக்கிறாள். விடையை எதிர்பார்த்துக் கேட்கப்படும் கேள்வி அல்ல அது. வாயை மூடு என்பதை நயமாகச் சொல்லக் கண்ட வழி! நயமாகவாவது சொன்னார்களே என்று நாமும் சிரித்துக்கொண்டே வாயை மூடிக்கொள்கிறோம்.

ஆனால், இதைச் சொல்லுகிற பெருமக்களில் எத்தனை பேர் கோழி வளர்த்தவர்கள்? எத்தனை பேர் ஒரு பெட்டைக்கோழியின் முகத்தை உற்றுப் பார்த்தவர்கள்? பழமொழியில் வரும் கோழி வேறு. கொல்லையில் மேயும் கோழி வேறு. பழமொழிக் கோழிக்கு உயிர் இல்லை, பெயர் இல்லை, குணம் இல்லை. பெண்ணை அடக்கப் பயன்படுவது ஒன்றே அதன் வேலை. கொல்லைக் கோழியோ முட்டையிடும், குஞ்சு பொரிக்கும், சண்டையிடும், சமாதானம் செய்யும், கோபித்துக்கொண்டு மூலையில் போய் உட்காரும். சில வேளை கூவவும் கூவும்!

எங்கள் இல்லத்தில் அப்படிக் கூவிய பெட்டை ஒன்று இருந்தது. அதைப் பற்றியும், அதனோடு கூடி வாழ்ந்த கோழிக் குடும்பத்தைப் பற்றியும், அந்தக் கோழிக் குடும்பத்தோடு கூடி வாழ்ந்த எங்கள் குடும்பத்தைப் பற்றியும் எழுதவே இந்த ஏட்டில் இடம் கேட்டேன்.

*

தாம்பரம் நிலையத்தில் இறங்கி மேற்கே சென்றால் முடிச்சூர். என் ஆயா மருமகளாய் வந்த நாளில் சுற்றிலும் நெல்வயல்கள் இருந்தனவாம். இன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் நெருக்கி நிற்கின்றன. அந்த நெருக்கத்துக்கு நடுவே, ஒரு முருங்கை மரமும், ஒரு வேப்ப மரமும், துணி துவைக்கும் கல்லும், பத்தடிக்கு இருபதடி மண்தரையும் உள்ள கொல்லை ஒன்று எங்களுக்கு மிச்சம் இருக்கிறது. அதுதான் எங்கள் கோழிகளின் நாடு, நகரம், நாடாளுமன்றம் எல்லாம்!

அதை ஆள்பவர் என் அம்மா. அப்பா ஒரு பட்டறையில் பிட்டர். வரும் சம்பளம் வாடகைக்கும் வயிற்றுக்கும் போகும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். எங்களுக்கு வாடகை இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. முட்டை விற்ற காசு அம்மாவின் காசு. அதற்கென ஒரு பழைய பால்பொடி டப்பா உண்டு. அதில் அப்பா கைவைத்ததில்லை, கணக்குக் கேட்டதும் இல்லை. ஆனால் கணக்கு இருந்தது! நான் ஆறாம் வகுப்பில் பாதி எழுதி மீதம் விட்ட நோட்டில், இடப்பக்கம் கோழிகளின் பெயரையும், வலப்பக்கம் நாளுக்கு ஒரு கோடாக முட்டைக் கணக்கையும் அம்மா எழுதி வந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்ட கை அது. எந்தப் பெட்டை என்று முட்டையிட்டது, என்று ஓய்ந்தது, என்று அடைக்கு உட்கார்ந்தது என்பதை எல்லாம் அந்த நோட்டு சொல்லும்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு ஏறத்தாழ 60 முதல் 80 முட்டைதான் இடும். பண்ணைகளில் கூண்டுக்குள் வளர்க்கப்படும் வெள்ளைக் கோழி 300-க்கு மேல் இடுகிறது. கணக்குப் பார்த்தால் எங்கள் கோழிகள் சோம்பேறிகள்தாம்! ஆயினும் நான் 2016 முதல் 2019 வரை மூன்றாண்டுகள், தாம்பரத்திலிருந்து மின்தொடர் வண்டியில் சென்னைக் கல்லூரிக்குச் சென்று வந்த சீசன் டிக்கெட்டுக்கான பணம், மாதந்தோறும் அந்த டப்பாவிலிருந்துதான் வந்தது. 1931 முதல் அந்தப் பாதையில் மின்வண்டி ஓடுகிறது. எத்தனையோ ஆயிரம் பேரைப் படிக்கவும் பிழைக்கவும் சுமந்து சென்றிருக்கிறது. அவர்களுள் ஒருத்தியை அதில் ஏற்றி அனுப்பியவை நான்கு பெட்டைக்கோழிகள்.

*

அந்த நால்வரை அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாவது, தாசில்தார். கருமையும் செம்மையும் கலந்த மேனி. எதையும் நேரில் ஆய்வு செய்யாமல் விடாது. கொல்லையில் புதிதாக ஒரு செங்கல் வைத்தாலும் சரி, ஒரு வாளி இடம் மாறினாலும் சரி, கழுத்தை நீட்டிக்கொண்டு வந்து, ஒரு கண்ணால் பார்த்து, தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்து, இரு கண்ணும் ஒப்புக்கொண்ட பிறகே அகலும். தம்பி வைத்த பெயர் அது. பொருந்தாது என்று எவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, வக்கீலம்மா. முட்டையிட்டால் பெட்டை கேறுவது இயற்கை. இதுவோ அடுத்த பெட்டை முட்டையிட்டாலும் தானே முன்வந்து கேறும். அரைமணி நேரம் வாதம் நடக்கும். எதிர்வாதம் செய்ய ஆளில்லாததால் வழக்கு எப்போதும் அதன் பக்கமே தீர்ப்பாகும்.

மூன்றாவது, ஊமைச்சி. சத்தமே வராது. எங்கே முட்டையிடும் என்று கண்டுபிடிப்பதே ஒரு துப்பறியும் வேலை. ஒருமுறை மூன்று வாரம் காணாமற்போய், நாய் தூக்கிவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டிய பிறகு, பக்கத்து மனையின் புதரிலிருந்து ஒன்பது குஞ்சுகளோடு அமைதியாக நடந்து வந்தது. ஊர்வலம்தான், முழக்கம் மட்டும் இல்லை!

நான்காவது, வெள்ளையம்மா. ஆயாவின் செல்லம். மடியில் ஏறி உட்கார்ந்து உறங்கும். ஆயா வெற்றிலை இடிக்கும் ஓசை கேட்டால் எங்கிருந்தாலும் ஓடி வரும்.

இவற்றோடு சேவல் ஒன்று. பெயர் மிராசு. நிலம் இல்லாத மிராசுதான். ஆனால் நடையில் நூறு வேலி தெரியும். புழு ஒன்று அகப்பட்டால் தான் தின்னாது; எடுத்து எடுத்துக் கீழே போட்டு, "கொக் கொக் கொக்" என்று பெட்டைகளை அழைக்கும். இந்த அழைப்பைப் பறவையியலார் நுணுகி ஆராய்ந்திருக்கிறார்கள். இரை இல்லாமலேயே அழைத்து ஏமாற்றும் சேவல்களும் உண்டாம். ஏமாற்று மிகுந்தால், அந்தச் சேவலின் அழைப்புக்குப் பெட்டைகள் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கின்றனவாம். மேடைதோறும் வாக்குறுதி கேட்டுப் பழகிய நமக்கு அந்தப் பெட்டைகளின் பகுத்தறிவு வாய்த்தால் எவ்வளவு நலமாக இருக்கும்!

மாலை நேரங்களில் துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்து இவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பதே எங்கள் வீட்டுக்குப் பெரிய பொழுதுபோக்கு. பட்டறையிலிருந்து களைத்து வரும் அப்பா, சட்டையைக் கழற்றுமுன் கொல்லைப்பக்கம் போய், "இன்னிக்கு என்ன வழக்கு?" என்று வக்கீலம்மாவிடம் கேட்பார். சாம்பலும் மண்ணும் கலந்த குழியில் கோழிகள் மண்குளியல் போடும் காட்சி இருக்கிறதே! ஒரு பக்கம் சாய்ந்து, சிறகை விரித்து, காலால் மண்ணை வாரித் தன்மேல் இறைத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு கிடக்கும். உண்ணிகளைப் போக்கவும் இறகைச் சீராக வைக்கவும் அது பயன்படுகிறது என்கிறது அறிவியல். பார்க்கும் நமக்கோ, உலகத்தில் கவலை என்று ஒன்று இருப்பதையே அது மறக்கடிக்கிறது.

தாம்பரம் விமானப்படைத் தளத்திலிருந்து எழும் வானூர்தி தலைக்குமேல் இரைந்து போகும். ஒரு கோழியும் நிமிராது. ஓசையின்றி ஒரு பருந்தின் நிழல் தரையில் விழட்டும். மிராசு நீளமாக ஒரு குரல் கொடுக்கும். அத்தனையும் முருங்கையடியில் பதுங்கிவிடும். பூனையோ கீரியோ வந்தால் அந்தக் குரல் வராது; விட்டுவிட்டு எழும் படபடத்த வேறு குரல் வரும்; கோழிகளும் பதுங்காமல் கழுத்தை நிமிர்த்தி நிற்கும். வானத்துப் பகைக்கு ஒரு சொல், தரைப் பகைக்கு ஒரு சொல்! இது எங்கள் வீட்டுக் கற்பனை அன்று. ஆய்வுக்கூடங்களில் உறுதி செய்யப்பட்ட உண்மை.

இரை தூவினால் முதலில் தாசில்தார் உண்ணும், பிறகு வக்கீலம்மா, பிறகு வெள்ளையம்மா, கடைசியில் ஊமைச்சி. முறை தவறினால் தலையில் ஒரு கொத்து. நார்வே நாட்டில் ஷெல்டெருப்-எபே என்பவர், சிறுவனாக இருந்தபோதே கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, 1920-களின் தொடக்கத்தில் இந்தக் கொத்தும் வரிசையை உலகுக்கு விளக்கினார். யார் யாரைக் கொத்தலாம் என்று ஒவ்வொரு கோழிக்கும் தெரியும் என்றால், அதன் பொருள் என்ன? ஒவ்வொரு கோழிக்கும் மற்றக் கோழியின் முகம் தெரியும் என்பதுதானே! நமக்குத்தான் எல்லாம் ஒன்றுபோல் தோன்றுகிறது.

இந்த வரிசையைக் காட்டி, "பார்த்தீர்களா, இயற்கையிலேயே மேல் கீழ் உண்டு" என்று சொல்லத் துணிவோரும் உண்டு. அவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோழியின் வரிசை பிறப்பால் வருவது அன்று. தாசில்தாரின் குஞ்சு தாசில்தார் ஆவதில்லை. தானே நின்று, தானே மோதி, தன் இடத்தைத் தானே தேட வேண்டும். முப்பாட்டன் கொத்தினான் என்பதற்காகக் கொள்ளுப்பேரனுக்குத் தலைவணங்கும் கோழியை நான் கண்டதில்லை.

*

நாங்கள் புலால் உண்ணாதவர்கள் அல்லர். கோழிக்குழம்பு எங்கள் வீட்டில் விருந்து. ஆயினும் அம்மா ஒரு விதி வைத்திருந்தார்: பெயர் வைத்த கோழி குழம்புக்கு இல்லை, விலைக்கும் இல்லை. பெயரிடாத சேவற்குஞ்சுகள் வளர்ந்ததும் விற்கப்படும்.

என் தம்பி அப்போது சிறுவன். விதியைக் கேட்டான், ஓட்டையைக் கண்டான். ஊமைச்சி கொணர்ந்த ஒன்பது குஞ்சுகளுக்கும் ஒரே மாலையில் பெயர் சூட்டிவிட்டான்! கிரிக்கெட் ஆட்டக்காரர் பெயர் சிலவற்றுக்கு, கிழமைகளின் பெயர் சிலவற்றுக்கு. "இனி ஒன்றையும் விற்க முடியாது" என்று அறிவித்தான். அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரவழைத்துக்கொண்டு, சட்டத்தைத் திருத்தினார்: ஆறு மாதம் நிறையாத குஞ்சுக்குப் பெயரிடுவது செல்லாது!

அன்று சிரித்தோம். இன்று ஆசிரியையாக வகுப்பில் நிற்கும்போது அந்தச் சிறுவனின் சூழ்ச்சியை எண்ணி வியக்கிறேன். பெயர் இல்லாத உயிரை எது வேண்டுமானாலும் செய்யலாம். பெயர் வந்துவிட்டால் கை தயங்குகிறது. என் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். நம் பள்ளிகளில் சத்துணவுக்கு முட்டை சேர்க்கப்பட்டது 1989-இல். ஒருநாள் பகல் உணவின்போது, முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இதை எந்தக் கம்பெனியிலே செய்யறாங்க?" மற்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளை பார்த்த முட்டைகளுக்குப் பின்னால் ஒரு கோழியின் முகம் இருந்ததே இல்லை. மறுநாள் தாசில்தாரையும் ஊமைச்சியையும் பற்றி வகுப்பில் கதை சொன்னேன். பாடத்தில் ஒருநாளும் வாய் திறவாத ஒரு சிறுமி அன்று எழுந்து நின்று, "நான் ஊமைச்சி மாதிரி, டீச்சர்" என்றாள். வருகைப் பதிவேட்டில் ஓர் எண்ணாக இருந்தவள், அன்றுதான் எனக்கு அறிமுகமானாள்.

*

2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர் முடிச்சூரில் எவரும் இலர். தெருவில் படகு போயிற்று. எங்கள் வீட்டில் சன்னல் மட்டும் தண்ணீர் ஏறியது. அரிசி மூட்டையை அப்பா தூக்க, ஆயாவை நானும் தம்பியும் கைத்தாங்கலாக ஏற்ற, அம்மா இருட்டில் இடுப்பளவு நீரில் இறங்கிக் கொல்லைக்குப் போனார். பதினொன்றில் மூன்றைத்தான் கொண்டுவர முடிந்தது. மொட்டைமாடித் தொட்டிக்குக் கீழே பஞ்சாரத்தைக் கவிழ்த்து வைத்தோம். இரண்டாம் நாள் காலை, அந்தக் கூச்சலுக்கும் குளிருக்கும் இடையே, கறுப்பி என்ற பெட்டை ஒரு முட்டையிட்டது! அதை வேகவைத்து, எங்களோடு மாடியில் தங்கியிருந்த அண்டைவீட்டு மூன்று வயதுக் குழந்தைக்கு ஆயா ஊட்டினார்.

அந்தக் கறுப்பி 2016-இல் பொரித்த குஞ்சுதான் தாசில்தார். வெள்ளத்தில் எல்லாம் போன வீட்டில் முதலில் ஓடித் திரிந்த புத்துயிர் அது. அவ்வாண்டு இறுதியில் அதன் பெயர் அம்மாவின் நோட்டில் ஏறியது.

*

2023-ஆம் ஆண்டு கோடைக்கு முன், தெருநாய் ஒன்றோடு போரிட்டு மிராசு இறந்தது. பெட்டைகள் தப்பின. அடுத்த சில மாதங்களில் தாசில்தாரிடம் மாற்றம் தெரிந்தது. ஏழு வயது ஆகியிருந்தது. முட்டை நின்று போயிருந்தது. கொண்டை தடித்துச் சிவந்தது. நடையில் மிராசின் சாயல் வந்தது. ஒரு நாள் விடியற்காலை, கூரைமேல் ஏறி நின்று, கரகரத்த குரலில், முழுமையாகக் கூவிற்று!

தம்பி கைதட்டினான். நான் கதவைத் திறந்து ஓடினேன். ஆயாவோ நெஞ்சில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார். பெட்டை கூவினால் குடி கெடும் என்று கேட்டு வளர்ந்த தலைமுறை அவர்.

அந்த வாரமே என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு, திருமணத்துக்குப் பின் பெண் பணியை விட்டுவிட வேண்டும் என்றார் மாப்பிள்ளையின் மாமா. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "மன்னிக்கணும், பணியை விட மாட்டேன்." அவ்வளவுதான். அவர் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துச் சிரித்தபடி அந்தப் பழமொழியைச் சொன்னார். காப்பி ஆறியது. எழுந்து போனார்கள்.

அதே மாதம் தெருவில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் கண்டது. எதிர்வீட்டுப் பெரியம்மாவின் பட்டி முழுவதும் மடிந்தது. எங்கள் கொல்லையில் ஒன்றுகூடச் சாகவில்லை. ஆறுதல் சொல்லப் போன அம்மாவிடம் அந்த அம்மையார் சொன்னார்: "பொட்டைக்கோழி கூவுற வூடு உருப்படாது. வந்த சம்பந்தம் கெட்டுது; தெருக்கோழி எல்லாம் போச்சு. இன்னிக்கே அறுத்துடு, பொழுது சாயறதுக்குள்ள."

வீடு திரும்பியதும் ஆயாவும் அதையே சொன்னார். அப்பா பேசவில்லை. உறவினர் இருவர் கத்தியைத் தேடவும் தொடங்கினர். அந்த நேரத்தில், ஒருநாளும் குரலை உயர்த்தாத அம்மா, கொல்லைக் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு சொன்னார்:

"அது போட்ட முட்டையை வித்துத்தான் என் பொண்ணு மூணு வருஷம் ரயில்ல போய்ப் படிச்சா. முட்டை போட்ட வரைக்கும் மகாலட்சுமி. வாயைத் திறந்தா மூதேவியா? கத்தி அது மேல படாது."

யாருக்காகப் பேசினார் அம்மா? கோழிக்காகவா, எனக்காகவா, எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட தனக்காகவா? நான் கேட்கவில்லை. உறவினர் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

*

பெட்டை ஏன் கூவுகிறது? தெய்வக் குற்றம் அன்று, உடற்கூறு. பெட்டைக்கோழிக்கு இடப்பக்கத்துச் சினைப்பை ஒன்றே வளர்ந்து பயன்படுகிறது. வலப்பக்கத்தது வளராமல் கிடக்கும். நோயினாலோ கட்டியினாலோ இடப்பக்கத்தது கெட்டுவிட்டால், வலப்பக்கத்து உறுப்பு ஆண்தன்மை கொண்டு வளரத் தொடங்கலாம், சுரப்புநீர் மாறும், கொண்டை தடிக்கும், குரல் மாறும். சேவல் இல்லாத கூட்டத்தில் தலைமைப் பெட்டை கூவுவதும் உண்டு. எங்கள் தாசில்தாருக்கு இவற்றில் எது என்று கால்நடை மருத்துவரே அறுத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். அறுப்பதற்கு அம்மா இடம் கொடுத்தால் அல்லவா!

தெருக்கோழிகள் செத்தது எதனால்? கிருமியால். அல்மோராப் பக்கத்து இமயமலை ஊராகிய இராணிக்கேட்டின் பெயரால் அந்நோய் இந்தியாவில் அழைக்கப்படுகிறது. அதற்குத் தடுப்பு மருந்து உண்டு. அம்மா தம் கோழிகளைத் துணிப்பையில் இட்டு, கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிச் சென்று, தடுப்பூசி போட்டு வந்திருந்தார். எங்கள் கொல்லை பிழைத்ததற்கு அதுவே காரணம். கூவிய கோழி இருந்த கொல்லையில் சாவு இல்லை. கூவாத கொல்லைகளில்தான் சாவு! ஆனால் பழி யார்மேல் வந்தது, பார்த்தீர்களா?

நம் நாட்டில் மட்டுமே இந்த அறியாமை என்று எண்ண வேண்டா. இன்று சுவிட்சர்லாந்தில் உள்ள பாசெல் நகரில், 1474-ஆம் ஆண்டு, ஒரு சேவல் முட்டையிட்டது என்று குற்றம் சாட்டி, விசாரணை நடத்தி, தண்டனை விதித்து, தீயிட்டுக் கொளுத்தினார்கள்! சேவல் முட்டையிட்டாலும் குற்றம். பெட்டை கூவினாலும் குற்றம். ஐரோப்பா அந்த இருளைக் கடந்து வந்தது கல்வியால். நமக்கும் வேறு வழி கிடையாது.

இனி, பழமொழிக்கு வருவோம். பெட்டை கூவிப் பொழுது விடியாது - உண்மை. சேவல் கூவினால் மட்டும் விடிகிறதா? சப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிமுராவும் சிம்முராவும் 2013-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாறாத மங்கல் ஒளியில் சேவல்களை வைத்துப் பார்த்தார்கள். விடியலே இல்லாத அந்த அறையிலும், தத்தம் உடலுக்குள் ஓடும் கடிகாரத்தின்படி அவை நேரத்துக்குக் கூவின! 2015-இல் இன்னொன்றும் கண்டார்கள்: கூட்டத்தில் முதலிடத்துச் சேவலே முதலில் கூவும்; மற்றவை வரிசைப்படி பின்தொடரும். ஆக, சேவல் கூவுவது கதிரவனை எழுப்ப அன்று. "இங்கே நான் இருக்கிறேன்" என்று சொல்லத்தான். நான் இருக்கிறேன் என்று சொல்ல ஆணுக்குப் பட்டயம் எழுதிக் கொடுத்தவர் யார்?

*

தமிழன் சேவலுக்குச் செய்த சிறப்பு கொஞ்சமன்று. சோழர் தலைநகர் உறையூருக்கே கோழி என்று பெயர். யானையை எதிர்த்து வென்ற கோழியின் கதை அதற்குச் சொல்லப்படுகிறது. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சேவற்சண்டையில் மாண்ட மேற்சேரிக் கோழிக்கு நடுகல் இருக்கிறது. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்து இந்தளூரிலும் ஒன்று. கீழைச்சேரிக் கோழி பொற்கொற்றிக்கு நட்ட கல். ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு கோழிக்குப் பெயரிட்டு, அது இறந்தபோது உருவம் செதுக்கி, வட்டெழுத்தில் பொறித்தான் நம் முன்னோன். என் தம்பிக்கு முன்னோடி அவன்! அந்த அன்பை நினைத்தால் நெஞ்சு நிறைகிறது.

ஆனால் தோழர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? சண்டையிட்டு மாண்ட சேவலுக்குக் கல் உண்டு. முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளர்த்து, குடும்பத்துக்கு உப்பும் புளியும் வாங்கித் தந்து ஓய்ந்த பெட்டைக்கு ஒரு கூழாங்கல்லும் நட்டதாக நான் அறியேன்.

கூவத் தொடங்கிய பின் ஓராண்டுக்கு மேல் தாசில்தார் எங்களோடு இருந்தது. முதலில் காதைப் பொத்திக்கொண்ட ஆயா, பிறகு பழகிக்கொண்டார். இன்னுமா அறுக்கவில்லை என்று ஒருநாள் யாரோ கேட்டபோது, அவர் சொன்ன விடை தெருவில் இன்றும் பேச்சு: "எங்க வூட்டுக் கோழி, எங்க வூட்டுக் கொல்லை. கூவினா கூவிட்டுப் போவுது. உனக்குத் தூக்கம் கெட்டா காதுல பஞ்சு வெச்சிக்கோ!" மூடநம்பிக்கை போய்விட்டதா என்று ஆயாவைக் கேட்டால், "கெடுதல் வந்திருந்தா இந்நேரம் வந்திருக்கணுமே" என்கிறார். இதைவிடத் தெளிவாக ஆய்வுமுறையை நான் வகுப்பில் விளக்கியதில்லை.

2024 நவம்பர் மழையில், ஓர் இரவு உறக்கத்திலேயே அது இறந்தது. முருங்கையடியில் தம்பி குழிவெட்டினான். கல் எதுவும் நடவில்லை. அம்மாவின் நோட்டில் அதன் பெயருக்கு நேரே ஐந்து பக்கங்களில் கோடுகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்தேன், முந்நூற்றுக்கும் மேல். கோடுகள் முடிந்த இடத்தில் அம்மா தம் கையால் எழுதியிருக்கிறார்: "கூவினது."

சென்ற மாதம் எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மருமகள் வந்தாள். பட்டியை மறுபடியும் தொடங்குகிறார்களாம். அடைக்கு வைக்க நல்ல முட்டை வேண்டுமாம். தாசில்தார் வழிவந்த பெட்டையின் முட்டையே வேண்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பினாராம்! அம்மா பதினொரு முட்டைகளைத் தவிட்டில் புதைத்துக் கொடுத்தார்; தடுப்பூசி போடும் நாளையும் எழுதிக் கொடுத்தார். இருபத்தோராம் நாள் குஞ்சுகள் வெளிவந்தன. அவற்றுள் எது கேறும், எது கூவும் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. பொழுது என்னவோ, இரண்டுக்கும் பொதுவாகத்தான் விடிந்துகொண்டிருக்கிறது.